பதில் சொல்லாதது குற்றமா? - நந்தினி சத்பதி வழக்கின் கதை

1977ஆம் ஆண்டு. ஒரிசாவின் (இன்றைய ஒடிசா) முன்னாள் முதலமைச்சர் நந்தினி சத்பதியை கட்டாக் நகரில் இருந்த லஞ்ச ஒழிப்பு போலீஸ் நிலையத்துக்கு விசாரணைக்கு வரச் சொன்னார்கள். வருமானத்துக்கு மீறி சொத்து சேர்த்தார் என்பது அவர் மேல் இருந்த புகார். கேட்க வேண்டிய கேள்விகளை நீளமான பட்டியலாக எழுதியே கொடுத்தார்கள். அம்மையார் பதில் சொல்ல மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அரசியல் சட்டத்தின் 20(3) ஷரத்து தன்னைக் காப்பாற்றுகிறது என்பது அவர் வாதம்.

டி.எஸ்.பி. சும்மா விடவில்லை. பதில் சொல்லாததற்கே தனியாக ஒரு வழக்கு போட்டார்! இந்திய தண்டனைச் சட்டத்தின் 179ஆம் பிரிவின்படி, சட்டப்படி கேள்வி கேட்கும் அரசு ஊழியருக்கு பதில் சொல்ல மறுத்தால் ஆறு மாதம் வரை சிறை. மாஜிஸ்திரேட் சம்மன் அனுப்பினார். ஹைகோர்ட்டுக்குப் போய் தோற்று, கடைசியில் சுப்ரீம் கோர்ட் வாசலில் நின்றார் சத்பதி.

'குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகத் தானே சாட்சியாகும்படி கட்டாயப்படுத்தக் கூடாது' என்பதுதான் 20(3)ன் சாரம். ஒரே வரிதான். ஆனால் இது கோர்ட்டில் கூண்டில் நிற்கும்போது மட்டுமா, போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போதும் உண்டா? அங்கேதான் சிக்கல். கோர்ட்டில் நீதிபதி இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், வேடிக்கை பார்க்க நாலு பேர் இருக்கிறார்கள். ஸ்டேஷனில் யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்கு நம் மண்ணிலேயே ஒரு பழைய கதை உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் சென்னை ராஜதானியில் நடந்த சித்திரவதைகளை விசாரிக்க ஒரு கமிஷன் போடப்பட்டு, 1855ல் அதன் அறிக்கை வந்தது. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் கம்பெனியின் கீழ்நிலை ஊழியர்கள் கையாண்ட முறைகளை அது வரிசையாகச் சொல்கிறது. கிட்டி என்பது விரல்களை நசுக்கும் மரக்கருவி. அண்ணாந்தாள் என்பது கழுத்தையும் கால் விரல்களையும் சேர்த்துக் கயிற்றால் கட்டி ஆளைக் குனிந்தபடியே நிற்க வைப்பது. இரண்டும் தமிழ்ப் பெயர்கள்தான், பெருமைப்பட ஒன்றுமில்லை. அறிக்கை வந்து ஆறு வருடத்தில், 1861 குற்றவியல் நடைமுறைச் சட்டம் போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது என்றது. 1872 சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் அதையே சொன்னது. ஆக, இந்திய போலீஸை அதை உண்டாக்கிய வெள்ளைக்காரனே முழுசாக நம்பவில்லை!

ஆனாலும் ஒப்புக்கொண்டது செல்லாது என்பது வேறு, வாயைத் திறக்காமல் இருக்கும் உரிமை என்பது வேறு. சத்பதி கேட்டது இரண்டாவதை.

வழக்கைக் கேட்ட பெஞ்சுக்கு மூத்தவர் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர். இவர் 1948ல் கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்ற சந்தேகத்தில் சிறையில் இருந்தவர். 1957ல் கேரளாவில் இ.எம்.எஸ். மந்திரிசபையில் உள்துறை, சட்டம், சிறை எல்லாம் பார்த்தவர். லாக்கப்பின் இரண்டு பக்கமும் தெரிந்த நீதிபதிகள் எத்தனை பேர் இருப்பார்கள்?

1978 ஏப்ரல் 7 அன்று தீர்ப்பு வந்தது. அமெரிக்காவின் 1966 மிராண்டா தீர்ப்பை நிறையவே எடுத்தாண்டார் கிருஷ்ணய்யர். 20(3)ன் பாதுகாப்பு போலீஸ் விசாரணையிலேயே தொடங்கிவிடுகிறது என்றார். கட்டாயம் என்றால் அடி உதை மட்டுமல்ல. மிரட்டல், ஓயாத கேள்விகள், சுற்றி நிற்கும் சூழ்நிலையின் அழுத்தம், இவையும் கட்டாயம்தான். கேட்கும் வழக்கில் மட்டுமல்ல, வேறு வழக்கில் மாட்டிவிடக்கூடிய பதிலையும் சொல்ல வேண்டியதில்லை. வக்கீல் வேண்டும் என்று கேட்டால் பக்கத்தில் இருக்க விட வேண்டும்.

இன்னொரு விஷயத்தில் நீதிபதிக்குக் கோபமே வந்துவிட்டது. பெண்களை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 160ஆம் பிரிவு தெளிவாகச் சொல்லியிருந்தது. முதலமைச்சராக இருந்தவரையே ஸ்டேஷனுக்கு வரச் சொன்னவர்கள் சாதாரணப் பெண்களை என்ன செய்வார்கள்?

ஆனால் முழு மௌனத்துக்கு லைசென்ஸ் கிடைத்தது என்று நினைக்க வேண்டாம். குற்றத்தில் சிக்க வைக்காத, வழக்குக்குத் தொடர்புள்ள கேள்விக்கு பதில் சொல்லியே ஆக வேண்டும். அப்படியே சொல்வதாக சத்பதி உறுதி கொடுத்தார், 179 வழக்கு கைவிடப்பட்டது.

இதில் ஒரு முரண் உண்டு. எமர்ஜென்சியில் ஆயிரக்கணக்கானவர்கள் விசாரணையே இல்லாமல் சிறையில் கிடந்தபோது, 1976 டிசம்பர் வரை, காங்கிரஸ் முதல்வராக இருந்தவர் இதே சத்பதிதான். அவர் பெயரில் வந்த தீர்ப்பைத்தான் இன்றைக்கும் ஸ்டேஷனுக்கு அழைக்கப்படுகிறவனின் வக்கீல் கையில் எடுத்துக்கொண்டு போகிறார். உரிமைகள் நல்லவர்களின் வழக்கில்தான் பிறக்க வேண்டும் என்று இல்லையே.

2010ல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இன்னும் ஒரு படி போனது. சம்மதம் இல்லாமல் நார்கோ அனாலிசிஸ், பொய் கண்டறியும் சோதனை, மூளை வரைபடம் எதுவும் கூடாது. ஊசி போட்டுப் பேச வைப்பதும் கட்டாயம்தான் என்றாகிவிட்டது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் 180ஆம் பிரிவில் அந்தப் பழைய விதிவிலக்கு அப்படியே இருக்கிறது.

ஓட்டை வேறு இடத்தில் விழுந்தது. 2022ல் விஜய் மதன்லால் சௌத்ரி வழக்கில், அமலாக்கத் துறை அதிகாரிகள் போலீஸ் அதிகாரிகள் அல்ல என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 50ஆம் பிரிவில் சம்மன் வந்தால் போக வேண்டும், உண்மையைச் சொல்ல வேண்டும், கையெழுத்தும் போட வேண்டும். போலீஸிடம் சொன்னால் செல்லாத வாக்குமூலம் அங்கே சாட்சியமாகலாம். 1977ல் கட்டாக்கில் காக்கிச் சட்டைக்கு எதிரே உட்கார்ந்து மறுத்ததை, இன்று அந்த மேஜைக்கு எதிரே உட்கார்ந்து சத்பதி மறுத்திருந்தால் கதை வேறு மாதிரி போயிருக்கும்.