படியில்லாக் கோபுரமும் பொன்னேடும்

படிக்கட்டில்லாத கோபுரமொன்றின் மீது ஏறி வந்தேன் என்றபோது நம் வட்டத்து நண்பர்கள் நகைத்தனர். 2019 கோடையில் நான் கண்ட கோபன்ஹேகன் நகரத்து வட்டக் கோபுரம் அத்தகையதே. நடுத்தூணை ஏழரை முறை சுற்றிச் செல்லும் செங்கல் சாய்தளத்தில், தெருவில் நடப்பது போலவே நடந்து மேலே செல்லலாம். உச்சியில் மட்டும் சில குறுகிய படிகள் உண்டு. 1716இல் உருசிய மன்னர் பீட்டர் குதிரைமீது அமர்ந்தவாறே இதில் ஏறினார். அரசியார் ஆறு குதிரை பூட்டிய வண்டியில் பின்தொடர்ந்தார் என்றும் சொல்வர். அந்த வளைவுகளில் நடந்த எனக்கு ஐயமே மிஞ்சியது.

1637இல் தொடங்கி 1642இல் இதனைக் கட்டி முடித்தவர் டேனிய மன்னர் நான்காம் கிறிஸ்டியன். இவர் நமக்கு முற்றும் அயலார் அல்லர். 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து, தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழுப்பியது இவர் ஆட்சியில்தான். கோபுரத்தின் முகப்பில் பொன்னெழுத்தில் ஒரு புதிர்த்தொடர் உள்ளது. இலத்தீன் சொற்களுக்கிடையே இறைவனைக் குறிக்க நான்கு எபிரேய எழுத்துகள். நீதி என்னும் சொல்லுக்கு வாள். நெஞ்சு என்பதற்கு நெஞ்சின் வடிவம். மெய்யறிவையும் நீதியையும் மன்னன் நெஞ்சில் செலுத்துமாறு இறைவனை வேண்டுவது அதன் பொருள். மன்னரே தம் கையால் இதனை வரைந்தார். நம் சித்திரகவிப் புலவர்கள் கண்டிருந்தால் அவரைத் தம் இனத்தவர் என்றே கொண்டிருப்பர்.

விண்மீன் நோக்கும் கூடம் உச்சியில்; மாணவர்க்கெனக் கட்டிய தேவாலயம் அருகில்; அத்தேவாலயத்தின் மேல்தளத்தில் 1861 வரை பல்கலைக்கழக நூலகம் இருந்தது. சாய்தளத்தின் இடைவழியிலேயே அந்நூலகத்தின் வாயில் திறக்கிறது. 1728 அக்டோபரில் நகரை எரித்த பெருந்தீ இங்கும் புகுந்தது. ஏட்டுச் சுவடிகளும் நூல்களும் பெரும்பாலும் சாம்பலாயின. ஒளி பயணம் செய்யக் காலம் கொள்கிறது என்று 1676இல் காட்டிய ஓலே ரோமரின் வானியல் பதிவுகளும் அத்தீயில் அழிந்தன; மூன்று நாள் குறிப்புகள் தப்பின என்பர். வாழ்நாள் உழைப்பில் மூன்றே நாள்! அவ்வாயிலில் நின்றபோது, என் பாட்டனார் வீட்டுப் பரணில் கரையான் தின்ற ஏட்டுக்கட்டுகள் நினைவில் எழுந்தன. அங்கே தீ; இங்கே நம் அசட்டை.

உச்சியிலிருந்து நகரம் முழுவதும் தெரிகிறது. செவ்வோட்டுக் கூரைகள்; வெளிப்புறமாய்ப் படிகள் சுற்றியேறும் தேவாலயக் கூம்பு; அதே மன்னர் எழுப்பிய பழைய வணிக மாளிகையின் மேல், நான்கு நாகங்கள் வால் முறுக்கி நின்ற கோபுரம். நான் கண்ட அந்நாகக் கோபுரம் 2024 ஏப்ரல் 16ஆம் நாள் எரிந்து வீழ்ந்தது. வழிப்போக்கரும் உள்ளிருந்த ஓவியங்களைச் சுமந்து வெளிக்கொணர்ந்தனர் என்று படித்தேன்.

இரகுநாத நாயக்கர் 1620இல் அம்மன்னருக்குப் பொன்னேட்டில் பொறித்தனுப்பிய தமிழ்த் திருமுகம் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. அதனைக் காண எனக்கு அப்போது வாய்க்கவில்லை. கோபுர உச்சியில் கம்பியைப் பிடித்தபடி, இத்தனை கூரைகளுள் எதன் கீழ் அந்தத் தமிழ் உறங்குகிறதோ என்று நெடுநேரம் தேடிக்கொண்டிருந்தேன்.