அட்டையைத் திருத்துவது எந்த வினை? ஏஐ முகவர் கருவிகளின் ஆவணத்தில் ‘அழிப்புக் குறிப்பு’

மென்பொருள் ஆவணம் பற்றி எழுதியவர்களில் பலர் ஒன்றை விவாதிக்காமலே ஏற்றுக்கொண்டுள்ளனர். நிரல் வேலை செய்யும், ஆவணம் அதை விளக்கும், இரண்டும் முரண்பட்டால் நிரலே உண்மை என்பது அவர்கள் நிலை. படிப்பவர் மனிதராக இருந்தவரை இது பெரிய தீங்கு செய்யவில்லை. பணி அட்டைகளை ஏஐ முகவரே திருத்தும் கருவிகளுக்கு இந்நிலை பொருந்தாது என்பது என் வாதம். 2024 நவம்பரில் வெளியான மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால் என்னும் எம்சிபி நெறிமுறையில், ஒரு கருவி முகவருக்கு முக்கியமாக அறிமுகமாவது அதன் பெயராலும் விவரிப்பாலும் உள்ளீட்டு வடிவத்தாலும்தான். உள்ளே இருக்கும் நிரலை அது பொதுவாகப் பார்ப்பதில்லை. எந்தக் கருவியை எப்போது எடுப்பது என்பதை அந்தச் சில வரிகளைப் படித்தே முடிவு செய்கிறது. விவரிப்பில் ஒளித்து வைத்த ஆணைகள் முகவரைத் திசைதிருப்பும் என்று ஏஐ பாதுகாப்பு நிறுவனமான இன்வேரியன்ட் லேப்ஸ் 2025 ஏப்ரலில் செய்துகாட்டியது. ஆகவே இங்கே ஆவணத்தின் வாக்கியமே வேலை செய்கிறது.

இந்தப் பார்வையோடு அந்நெறிமுறையின் 2025 மார்ச் 26 பதிப்பைப் படிக்கும்போது ஓர் இடம் உறுத்துகிறது. கருவியோடு சேர்த்துச் சொல்லத்தக்க சில குறிப்புகளை அப்பதிப்பு அறிமுகப்படுத்தியது. கருவி வெறுமனே படிப்பதா, மறுமுறை இயக்கினாலும் விளைவு மாறாததா, வெளியுலகைத் தொடுவதா என்பவை அவற்றுள் சில. இன்னொன்று ‘டிஸ்ட்ரக்டிவ் ஹின்ட்’. அழிப்புக் குறிப்பு என்கிறேன். அது ‘ஆம்’ என்றால் கருவி அழிக்கும் மாற்றங்களைச் செய்யக்கூடும். ‘இல்லை’ என்றால் சேர்க்கும் மாற்றங்களை மட்டுமே செய்யும். எதுவும் சொல்லாவிட்டால் ‘ஆம்’ என்று கொள்ள வேண்டும். நம்பகமான சேவையகத்திலிருந்து வராத குறிப்பை நம்பக்கூடாது என்றும் நெறிமுறை எச்சரிக்கிறது. இதைப் படிப்போர் பொதுவாக அந்த எச்சரிக்கையோடு நின்றுவிடுகிறார்கள். குறிப்பை வைப்பவர் முழு நேர்மையானவர் என்றே கொள்வோம். அவரால் உண்மையைச் சொல்ல முடியுமா? முடியாது என்பதே என் வாசிப்பு. சேர்த்தல், அழித்தல் என்ற இரண்டே பெட்டிகளில் அட்டைத் திருத்தம் அடங்காது.

பணி அட்டைச் செயலியான ட்ரெல்லோவை எடுத்துக்கொள்வோம். அதன் பொது இடைமுகத்தில் ஓர் அட்டையைப் புதுப்பிக்கும் ஒரே அழைப்பால் தலைப்பு, விளக்கம், கெடு தேதி, உறுப்பினர், அட்டை இருக்கும் பட்டியல் எல்லாவற்றையும் மாற்றலாம். அட்டையைக் காப்பகத்துக்கும் அனுப்பலாம். விளக்கத்தை அனுப்பினால் பழைய விளக்கத்தின் இடத்தில் புதியது உட்காரும். உறுப்பினர் வரிசையை அனுப்பினால் பழைய வரிசை போய்ப் புதியது வரும். ஓர் உறுப்பினரை மட்டும் கூடுதலாகச் சேர்க்க வேறு அழைப்பு இருக்கிறது. இவ்வளவையும் ‘அட்டையைப் புதுப்பிக்கும்’ என்ற ஒரு வரியில் ஆவணப்படுத்தினால், அந்த வரி பொய்யும் அல்ல, போதுமானதும் அல்ல.

சங்கரன்கோவிலின் விசைத்தறிக் கூடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்வோம். சேலை ஆர்டர் ஒவ்வொன்றும் ஓர் அட்டை. விளக்கத்தில் நூல் நம்பர், பார்டர் நிறம், எத்தனை சேலை என்ற கணக்கு. உறுப்பினராகப் பாவு ஓட்டுபவர், தறிக்காரர், கணக்கர் என மூவர். ‘சாயக்காரரையும் சேர்’ என்று முதலாளி முகவரிடம் சொல்கிறார். முகவர் புதுப்பிக்கும் கருவியை எடுத்து, சாயக்காரர் பெயரை மட்டும் அனுப்புகிறது. மற்ற மூவரும் அட்டையிலிருந்து விழுந்துவிடுகிறார்கள். அந்த மூவரின் கைப்பேசிக்கும் அதன் பிறகு செய்தி வராது. முதலாளி சொன்ன சொல் ‘சேர்’, நடந்தது நீக்கம். இனி, அதே அட்டை ‘நெசவில்’ என்ற பட்டியலிலிருந்து ‘முடிந்தது’ என்ற பட்டியலுக்குத் தவறாக நகர்கிறது என்க. ஓர் எழுத்தும் அழியவில்லை. ஆனால் அதைப் பார்த்த தறிக்காரர் அடுத்த ஆர்டரின் பாவைத் தறியில் ஏற்றிவிடுவார். இந்த நகர்த்தலை எந்தப் பெட்டியில் போடுவது?

நம் இலக்கண மரபு இங்கே உதவுகிறது. இரண்டாம் வேற்றுமையின் பொருளைச் சொல்லும்போது நன்னூல், வினை தன் செயப்படுபொருளோடு கொள்ளும் உறவுகளில் ஆறைப் பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஒன்றை ஆக்கலாம், அழிக்கலாம், சென்று அடையலாம், விட்டு நீங்கலாம், ஒத்திருக்கலாம், உடையதாகலாம். அட்டையை உருவாக்குவது முதல் வகை, நீக்குவது இரண்டாவது. ஆனால் பட்டியல் மாற்றம் ஒன்றை நீத்து இன்னொன்றை அடைவது. உறுப்பினரைச் சேர்ப்பது உடைமை. அட்டையைப் படியெடுப்பதை ஒத்தலில் வைக்கலாம். இந்த ஒன்றில் எனக்கு முழு உறுதியில்லை. நன்னூலை எழுதிய பவணந்தியார் மென்பொருளுக்கு இலக்கணம் எழுதினார் என்று நான் சொல்லவரவில்லை. ஆக்கலும் அழித்தலும் போக எஞ்சியவற்றுக்கும் பெயர் வேண்டும் என்பதை அவர் கண்டிருந்தார்; எம்சிபி குறிப்பு காணவில்லை. ஒப்புமை வலிந்தது என்பார்க்கு ஒரு சொல்: பெயர் எங்கிருந்து வந்தாலும் வேறுபாடு அட்டையில் இருக்கிறது.

ட்ரெல்லோ செயல்பாட்டு வரலாற்றில் பழைய மதிப்பையும் வைத்திருக்கிறது, எனவே எதுவும் அழிவதில்லை என்ற மறுப்பு வரும். பழைய சொற்களை வரலாற்றிலிருந்து மீட்கலாம். தறியில் ஏறிய பாவை அப்படி மீட்க முடியாது. சொல்லாவிட்டால் ‘ஆம்’ என்பதே போதிய பாதுகாப்பு என்ற மறுப்பு இன்னும் பலவீனமானது. கருத்துரை ஒன்றைச் சேர்ப்பதற்கும் அட்டையை நிரந்தரமாக நீக்குவதற்கும் ஒரே எச்சரிக்கை வந்தால், மூன்றாம் நாளே அதைப் படிக்காமல் சம்மதம் சொல்லப் பழகிவிடுவோம்.

சிக்கல் இன்னும் ஆழமாவது ஆணை தமிழில் வரும்போது. ‘அந்த ஆர்டரை எடுத்துக்கோ’ என்றால் ஏற்றுக்கொள்வது. ‘எடுத்துரு’ என்றால் நீக்குவது. இரண்டுக்கும் அடி ‘எடு’ என்பதே. பொருளை மாற்றுவது துணைவினை. ‘தள்ளிப் போடு’ என்றால் கெடு தேதி நகர வேண்டும், ‘தள்ளிவிடு’ என்றால் பேச்சே வேறு. ‘முடிச்சிரு’ என்பது வேலையை முடிக்கச் சொல்வதா, அட்டையை மூடச் சொல்வதா என்பது சூழலைப் பொறுத்தது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒற்றை வரி விவரிப்பின் முன் இந்த ஆணைகள் வந்து நிற்கும்போது, முகவருக்கு ஊகத்தைத் தவிர வேறு துணை இல்லை. பேச்சுத் தமிழை ‘வழக்குப் பிழை’ என்று ஒதுக்கும் போக்கோடு எனக்கு உடன்பாடில்லை. பயன்படுத்துவோர் பேசும் மொழியில்தான் கருவி தவறு செய்யும். ஆகவே ஆவணமும் அந்த மொழியை அறிந்திருக்க வேண்டும்.

இது எங்கோ தொலைவில் நடக்கும் பேச்சல்ல. சங்கரன்கோவில் இன்று இருக்கும் தென்காசி மாவட்டத்தில்தான், மத்தளம்பாறையில், மென்பொருள் நிறுவனமான ஜோஹோவின் அலுவலகம் இயங்குகிறது. பணி மேலாண்மைச் செயலியான ஜோஹோ ப்ராஜெக்ட்ஸ் அந்நிறுவனத்துடையது. 2025 ஜூலையில் தன் மொழி மாதிரியோடு எம்சிபி சேவையகத்தையும் அது அறிவித்தது. அங்கும் பிற இடங்களிலும் கருவி விவரிப்பு எழுதும் இளைஞர்களுக்கு என் வேண்டுகோள் இது. ‘புதுப்பி’ என்ற ஒற்றைக் கருவியைப் பிரியுங்கள். நகர்த்துவதற்கு ஒன்று, பொறுப்பாளரைச் சேர்ப்பதற்கு ஒன்று, விளக்கத்தை மேலெழுதுவதற்கு ஒன்று என்று தனித்தனியாக வையுங்கள். ஒவ்வொன்றின் விவரிப்பிலும், இதை இயக்கியபின் அட்டையில் முன்பு இருந்த எது இராது, யார் அந்த அட்டையைப் பார்த்து அடுத்த வேலையைத் தொடங்குவார் என்று இரண்டு வரி சேருங்கள். அந்த இரண்டு வரியையும் தமிழிலும் எழுதுங்கள்.