தையல் மெஷின் நம் வீடுகளுக்கு வந்த கதை



நம் கட்டுகஸ்தோட்டைப் பகுதியில் பல வீடுகளின் மூலையில் இன்றும் ஒரு பழைய சிங்கர் மெஷின் இருக்கிறது. அதை மிதித்தே பிள்ளைகளைப் படிக்க வைத்த உம்மாமார் நம்மிடையே நிறையப் பேர். ஆனால் அது வீடுகளுக்குள் நுழைந்த வரலாற்றை நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

1851இல் ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். அந்தக் காலத்தில் ஒரு மெஷின் சுமார் 125 டொலர். சராசரிக் குடும்பத்தின் ஆண்டு வருமானமே சுமார் 500 டொலர்தான். பெண்களால் இயந்திரத்தைக் கையாள முடியுமா என்ற சந்தேகம் வேறு. சிங்கரின் பங்காளி எட்வர்ட் கிளார்க் ஒரு வழி கண்டார். பாதிரிமாரின் மனைவியருக்குப் பாதி விலைக்குக் கொடுத்தார். ஊர் மதிக்கும் வீட்டில் மெஷின் இருந்தால் மற்ற வீடுகளின் தயக்கம் தானாகப் போய்விடும் அல்லவா? அடுத்து 1856இல் தவணை முறை. கடைசித் தவணை கட்டும்வரை மெஷின் கம்பனிக்கே சொந்தம். 1877இல் சிங்கர் இலங்கைக்கும் வந்தது.

இன்று பாதிரியார் மனைவியின் இடத்தில் யூடியூபர் இருக்கிறார். புதுப் போன் அவர் கைக்கு இலவசமாகப் போகிறது. தவணை நம் வீட்டுக்கு வருகிறது.

தையல் மெஷின் உழைத்துத் தன் கடனைத் தானே அடைத்தது. ஆகவே தவணைப் படிவத்தில் கையெழுத்து வைக்குமுன் இரண்டு கேள்விகள் கேட்போம். நல்லது என்று சொல்பவர் காசு கொடுத்து வாங்கினாரா? இந்தப் பொருள் தன் தவணையை உழைத்துக் கட்டுமா?