ஊவா மலைக்கு வந்த மாசி

மலையக வரலாற்றை எழுதப் புகுந்தோர் கோப்பியையும் தேயிலையையும் பற்றி நிரம்ப எழுதியுள்ளனர். கங்காணி முறையும் துண்டு முறையும் ஆராயப்பட்டுள்ளன. லயத்து அடுப்பிலே கொதித்தது யாது என்னும் வினா மட்டும் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளது. கடலைக் காணாமலே வாழ்ந்து முடிந்த பதுளைத் தோட்டத்து மக்கள் பலரின் சம்பலிலே இந்து சமுத்திரத்துச் சூரை கலந்திருந்தது. அம்மீன் மாசியாக மாலைதீவிலிருந்து வந்தது.

மாலைதீவினரின் மொழியில் 'மஸ்' என்பது மீனைக் குறிக்கும். நமது 'மாசி' அதனின்று பிறந்தது எனக் கொள்ளலாம். மாசி மாதத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அத்தீவினர் விடியுமுன் தோணியிற் புறப்பட்டு, உயிருள்ள சிறுமீன்களைக் கடலில் வீசிச் சூரைக் கூட்டத்தை அருகே வருவித்து, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொன்றாக இழுத்தெடுப்பர். பிடித்த மீனை நான்காகப் பிளந்து அவித்து, புகையூட்டி, வெயிலிற் காயவைப்பர். பதினான்காம் நூற்றாண்டில் அங்குத் தங்கியிருந்த இப்னு பதூதா, நான்காக வெட்டிப் புகையிற் காயவைத்த இம்மீன் இந்தியாவுக்கும் சீனத்துக்கும் யேமனுக்கும் ஏற்றுமதியானதைக் குறித்துள்ளார். அவர் 1344இல் இலங்கைக்கு வந்து சிவனொளிபாத மலையும் ஏறியவர். யப்பானியர் தம் சாற்றுக்குச் சீவியிடும் கட்டையும் இதே மீனே.

ஊவாவுக்குக் கடற்பொருள் வருவது புதிதன்று. தெற்குக் கரையின் உப்பும் கருவாடும் தவளமாடுகளின் முதுகில் நெடுங்காலம் மலையேறின. தோட்டங்கள் பெருகியபின் அவ்வழி போதவில்லை. 1869இல் மடுல்சீமையில் முதலிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்தது; பின்னர் தேயிலை வந்தது. புகையிரதம் 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அடைந்தது. கீழ்நோக்கித் தேயிலைப் பெட்டிகளை இறக்கிய அதே பாதையில், கொழும்புப் புறக்கோட்டை வணிகரின் மாசிச் சாக்குகள் மேலேறின.

தோட்டத்து அன்றாடக் கறிக்குரியது கருவாடே, மாசி விலைகூடியது. எனினும் ஈரம் மிகுந்த மழைக்காலத்தில் உப்புக் கருவாடு நீர்விட்டு இளகும். மாசியோ கட்டைபோற் கிடக்கும். ஒரு விரலளவு துண்டு பல நாள் ரொட்டிக்குச் சம்பலாகும். எங்கள் பாட்டியார் அதனை மிளகாயுடன் உரலிலிட்டு இடிக்கும் ஓசையைக் கொண்டே அது சம்பள வாரம் என்பதை நாங்கள் அறிவோம்.

இங்கு ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். மாலைதீவினர் நெல் விளைப்பதில்லை; மாசியைக் கொழும்பில் விற்று அரிசி வாங்கினர். தோட்டத் தொழிலாளரும் நெல் விளைப்பதில்லை. அவருக்கும் இறக்குமதி அரிசியே அளக்கப்பட்டது. அவ்வரிசிக்கும் மாசிக்கும் வேண்டிய அந்நியச் செலாவணியைத் தேடித்தந்ததில் பெரும்பங்கு தேயிலைக்குரியது. கொழுந்து கிள்ளியவளின் உழைப்பு, அவளறியாமலே ஒரு தீவுக் கூட்டத்தின் அடுப்பையும் எரியச் செய்தது. அவ்வுழைப்புக்கு அவள் பெற்ற பங்கோ அவ்விரலளவுத் துண்டுதான்.

அத்துண்டும் நிலைக்கவில்லை. 1970களின் தொடக்கத்தில் செலாவணி நெருக்கடியால் இலங்கை மாசி இறக்குமதியைக் குறைத்தது. பிரதான சந்தையை இழந்த மாலைதீவு 1972 முதல் யப்பானியக் கம்பனிகளுக்குச் சூரையை உறைநிலையில் விற்றது. 1974 முதல் தோணிகளில் இயந்திரமும் பூட்டியது. அவர்களுக்கு வேறு வாசல் திறந்தது. மலையகத்துக்கு அவ்வாறு திறக்கவில்லை. அதே ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாகிக் கொண்டிருந்தன. 1973, 1974இல் அரிசியும் மாவும் அருகின. பசியால் மாண்டோரும் உளர். சம்பலிலிருந்து மாசி மறைந்ததை அந்நாளில் எவர் கணக்கெடுப்பர்!

1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர மாசி மீண்டும் வந்தது. 1980களில் நமது மீனவரும் பனிக்கட்டி ஏற்றிய பன்னாட் கலங்களில் ஆழ்கடல் சென்று, இரவெல்லாம் வலைவிரித்துச் சூரை பிடிக்கலாயினர். இன்று அம்மீன் பச்சையாகவே பதுளைச் சந்தைக்கு வருகின்றது. தோட்டத்து வாசற் கடையிலோ மாசி சிறு பையில் அடைத்துத் தொங்குகின்றது, தூளாக.