கீழாநெல்லியும் ஹெபடைடிஸ் பி ஆய்வும்

உத்திரமேரூர்ப் பக்கத்து வயல் வரப்புகளில் மழைக்குப் பின் தானாக முளைக்கும் சிறு செடி கீழாநெல்லி. இலைகளுக்கு அடியில் காய்கள் வரிசையாகத் தொங்கும். இதை அரைத்து மோரில் கலந்து மஞ்சள்காமாலைக்குக் கொடுப்பது ஊர் வழக்கம்.

சென்னைப் பல்கலைக்கழக நுண்ணுயிரியலாளர் எஸ். பி. தியாகராஜன் இச்செடியை மருத்துவ ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். கல்லீரலைத் தாக்கி மஞ்சள்காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசில் பங்கு பெற்ற பாரூக் புளூம்பெர்க்குடன் சேர்ந்து ஆய்ந்தார். ஆய்வின் முடிவு 1988இல் 'லான்செட்' இதழில் வெளியானது. வைரஸைச் சுமந்தவர்களில், இச்செடி மருந்தை 30 நாள் உண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது; போலி மருந்துண்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. ஆனால் 1990இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் இப்பலன் கிட்டவில்லை. பின்வந்த தொகுப்பாய்வும் உறுதியான சான்று காணவில்லை.

நாட்டுச் செடி ஒன்றை முறையான சோதனைக்கு உட்படுத்தியது போற்றத்தக்க பணி. ஆனால் செடியை மட்டும் நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவது ஆபத்து. நாட்பட்ட தொற்று, வெளியே தெரியாமலே கல்லீரலைச் சுருக்கிவிடக்கூடும். கல்லீரல் முற்றிலும் கெட்டு மாற்று அறுவை சிகிச்சை செய்த பிறகும் என்டெகாவிர், டெனோஃபோவிர் போன்ற மருந்துகள் இல்லையேல் வைரஸ் புதிய கல்லீரலையும் தாக்கக்கூடும். இத்தொற்றைத் தடுக்க, குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசம்.