எருவும் தீட்டும்

குப்பை என்று கேட்ட மாத்திரத்தில் முகஞ்சுளிப்பவரும், அக்குப்பை எருவாகி விளைவித்த கீரையை உண்ணத் தயங்குவதில்லை. எருவுக்கில்லாத தீட்டு, அதை அள்ளிய மனிதனுக்கு மட்டும் எங்ஙனம் வந்தது? சரித்திரத்தைச் சற்றே நோக்குவோம்.

1897ஆம் ஆண்டில் பம்பாய் மாதுங்காவிலிருந்த தொழுநோயாளர் விடுதியில், மனிதக் கழிவைக் காற்றுப்புகாத தொட்டியிலிட்டு, அதிலெழுந்த வாயுவைப் பயன்படுத்தினர். ஊரார் ஒதுக்கிய மக்களின் கழிவும் உபயோகப் பொருளாயிற்று. பின்னர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆராய்ந்த ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும், சருகையும் சாணத்தையும் அடுக்கி, காற்றுப்படக் கிளறி மட்கச் செய்யும் முறையை வகுத்தனர். முன்னது காற்றின்றி நடப்பது. பின்னது காற்றோடு நடப்பது. இவ்விரண்டையும் இணைத்தால் பட்டணத்துக் குப்பைக்கு நல்வழி பிறக்கும். சென்னை கோயம்பேடு சந்தையில், நாளொன்றுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து வாயுவெடுத்து மின்சாரம் உண்டாக்கும் நிலையம் 2005இல் நிறுவப்பெற்றது.

தொட்டியிலுள்ள நுண்ணுயிர்கள் வாயுவை வெளியிட்ட பின்னும், தழைச்சத்து முதலியவை குழம்பிலேயே தங்குகின்றன. ஆயினும் அதை அப்படியே பயிருக்கு ஊற்றலாகாது. பச்சைக் குழம்பு வேரைக் கருக்கும், சத்து காற்றிற் பறந்து வீணாகும், நோய்க்கிருமிகளும் எஞ்சியிருக்கும். ஆகவே நீரை வடித்து, கட்டியான பகுதியைச் சருகோடும் மரத்தூளோடும் கலந்து குவித்தல் வேண்டும். குவியல் தானே சூடேறும். 55 பாகைக்கு மேற்பட்ட வெப்பம் சில நாள் நீடித்தால் கிருமிகள் மடியும். பின்னர்ச் சில வாரம் ஆறவிட்டால் மண்வாசனை வீசும் எருவாகும். ஆனால் உடைந்த கண்ணாடியும் பழைய பாட்டரியும் குப்பையிற் கலந்துவிட்டால், எந்தச் சூடும் அவற்றை நீக்காது.

சிலிம் ரிவரைப்போலச் செம்பனை சூழ்ந்த ஊரில் வாழும் நமக்கு இது முற்றும் புதிதன்று. மலேசியாவின் 1977ஆம் வருடத்துச் சட்டம் எண்ணெய் ஆலைக் கழிவுநீரைக் கட்டுப்படுத்திய பின், ஆலைகள் அதைக் குட்டைகளிற் புளிக்கவைத்துச் சுத்திகரிக்கலாயின. அங்ஙனம் புளித்த நீரைச் செம்பனைக்கே உரமாகப் பாய்ச்சும் வழக்கமும் ஏற்பட்டது.

மனிதன் கையால் மலமள்ளுவதை இந்தியா 1993லும், மீண்டும் 2013லும் சட்டத்தால் தடுத்தது. ஒரே வேலைக்கு இருமுறை சட்டஞ் செய்ய நேர்ந்ததே நம் சமூகத்தின் வெட்கக்கேடு! தோட்டத்து லயத்திலும் பட்டணத்து வீட்டிலும், தோட்டியின் பிள்ளை நம் அடுப்படிக்கு வரலாகாதென்று எண்ணியவர் நம் முன்னோரிலும் இருந்தனர். அப்பழியை நாம் கழுவ வேண்டாமா? சோற்றுக் கழிவையும் கண்ணாடியையும் நம் வீட்டிலேயே, நம் கையாலேயே பிரித்துவைப்போம். நாம் கலந்த குப்பையைப் பிறனொருவன் குனிந்து பொறுக்கும் நாள் இனியேனும் ஒழிக.