நீராவி ரிஃபார்மிங் வினையூக்கிகள்

இயற்கை எரிவாயு, நாஃப்தா போன்ற ஹைட்ரோகார்பன்களை நீராவியுடன் வினைபுரியச் செய்து ஹைட்ரஜன் எடுப்பது நீராவி ரிஃபார்மிங். அந்த வினையை நடத்திவைக்கும் திண்மப் பொருளே ரிஃபார்மிங் வினையூக்கி. அலுமினா முதலிய வெப்பந்தாங்கும் பீங்கான் பொருள்மீது நுண்துகள்களாகப் படிந்த நிக்கலே ஆலைகளில் பெருவழக்கு. ரோடியமும் ருத்தேனியமும் நிக்கலைவிட வீரியம் மிக்கவை. ஆனால் விலையால் ஒதுங்கி நிற்கின்றன.

திருத்தணி, கே.ஜி.கண்டிகை வட்டாரத்தின் நெல், கரும்பு வயல்களுக்கு யூரியா பழக்கமான உரம். யூரியாவுக்கு அம்மோனியா வேண்டும், அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் வேண்டும். சென்னையை அடுத்த மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ் நிறுவனம் 1971 முதல் நாஃப்தாவிலிருந்து இந்த ஹைட்ரஜனை எடுத்துவந்தது. எண்ணூர் திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) முனையம் வந்தபின், 2019இல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. மூலப்பொருள் மாறும்போது வினையூக்கியின் சுமையும் மாறுகிறது என்பதே இத்துறையின் அடிப்படைப் பாடம்.

மீத்தேனும் நீராவியும் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கிடைக்கும். ஒரு மோல் மீத்தேனுக்கு 206 கிலோஜூல் வெப்பம் செலுத்த வேண்டியிருப்பதால், வினையூக்கி நிரப்பிய குழாய்களை உலைக்குள் நிறுத்தி 800 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றுகிறார்கள். இந்தச் சூட்டில் வினை வேகமாகவே நடக்கிறது. ஆகவே வேகத்தைக் கூட்டுவதைவிட, வினையூக்கியைப் பல ஆண்டுகள் உயிரோடு வைத்திருப்பதே பெரிய வேலை.

முதல் எதிரி கரி. நிக்கல் துகளில் சேரும் கார்பன், மெல்லிய இழையாக வளர்ந்து துகளையே அது படிந்திருக்கும் பீங்கான் தாங்கியிலிருந்து பெயர்த்துத் தூக்கிவிடும். வினையூக்கி வில்லைகள் நொறுங்கும், குழாயில் அடைப்பு விழும், வாயு ஓடாத இடத்தில் குழாய்ச் சுவர் அளவுமீறிச் சூடாகும். நாஃப்தாவில் கார்பன் சங்கிலிகள் நீளம் என்பதால் இந்த ஆபத்து மீத்தேனைவிட அதிகம். பிரிட்டனின் ஐ.சி.ஐ. நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பொட்டாசியம் சேர்த்த வினையூக்கியால் நாஃப்தா ரிஃபார்மிங்கைச் சாத்தியமாக்கியது. டென்மார்க்கின் டாப்சோ நிறுவனம் மக்னீசியா தாங்கிகளைக் கையாண்டது.

நிக்கல் பரப்பின் படிக்கட்டு போன்ற விளிம்புகளில்தான் கார்பன் எளிதில் ஒட்டுகிறது. நிக்கல் பரப்பில் தங்க அணுக்களைச் சேர்த்தால் கரி குறையும் என்று டென்மார்க் ஆய்வாளர்கள் 1998இல் காட்டினர். அனுபவத்தால் வளர்ந்த ஒரு தொழில், அணுவளவில் திட்டமிடும் நிலைக்கு வந்ததற்கு இது அரிய சான்று.

கந்தகம் இன்னொரு எதிரி. மிகச் சிறிய அளவும் நிக்கலை நஞ்சூட்டும். அதனால் மூலப்பொருள் முன்கூட்டியே ஹைட்ரஜனேற்றப்பட்டு, துத்தநாக ஆக்சைடு படுகை வழியாக வடிக்கப்படுகிறது. நெடுநாள் வெப்பத்தில் நிக்கல் துகள்கள் ஒன்றுகூடிப் பருத்துப் பரப்பை இழப்பதும் உண்டு. வாயு வில்லையின் உட்பகுதிக்குள் அதிகம் நுழையாததால், உள்ளே கிடக்கும் நிக்கல் பெரும்பாலும் வீண். பல துளைகள் கொண்ட வில்லைகள் வெளிப்பரப்பைக் கூட்டின, அழுத்த இழப்பையும் குறைத்தன.

வினையூக்கி எவ்வளவு மேம்பட்டாலும், இயற்கை எரிவாயுவிலிருந்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்கும்போது ஏறத்தாழ 9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. எத்தனால், சாண எரிவாயு ரிஃபார்மிங் மீது ஆய்வு திரும்பியதற்கு இதுவே காரணம். திருவாலங்காட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இயங்கும் கரும்பு வட்டாரத்துக்கு எத்தனால் நெருக்கமான பொருள். ஆனால் சாதாரண அலுமினாவின் அமிலத்தன்மை எத்தனாலை எத்திலீனாக்கிக் கரி சேர்க்கிறது. அதனால் சீரியா, லாந்தனா, மக்னீசியா கலந்த தாங்கிகளில் நிக்கலையும் கோபால்ட்டையும் பதித்து ஆய்வு நடக்கிறது.